இருபத்திரண்டு முத்திரையும் ஒரு காலிக் கட்டமும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சுற்றுப்பலகை கினுகோவின் வீட்டு வாசல் கைப்பிடியில் வந்து தொங்கியது. பிளாஸ்டிக் பைக்குள் பச்சை அட்டை, அதன் தலையில் இரும்புக் கவ்வி, கவ்விக்கு அடியில் பத்து நாளாகக் கொசாவா ஊரின் இருபத்து மூன்று வீடுகளையும் சுற்றி வந்த காகிதங்கள். கொண்டு வந்து மாட்டியது யாரென்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி வீடு பாலத்தடி வீடு. அந்த வீட்டுக்காரி சகாயே இவளோடு முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

காகிதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாட்டில் குப்பை எடுக்கும் நாள் மாறியிருக்கிறது என்று ஒன்று. கோயில் பாதையில் சருகு கூட்ட வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று ஒன்று. சளிக்காய்ச்சல் ஊசி பற்றி ஒன்று. இன்று மதியம் ஒன்றரைக்கு ஊர் மண்டபத்தில் காந்த ரயில் கம்பெனியின் விளக்கக் கூட்டம் என்று நீலத் தாள் ஒன்று. அதற்கும் அடியில் கிளிப் போட்ட நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் வரிசையாக வீட்டுக்காரர் பெயர்கள், பெயருக்கு எதிரே கட்டம், கட்டத்துக்குள் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் குடும்பப் பெயர் முத்திரை, சிவப்பில்.

தலைப்பைப் படித்தாள். துணைச் சுரங்கம் தோண்டுவதற்கு ஊரார் ஒப்புதல்.

படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கட்டத்தில் இருந்தது அவளுடைய முத்திரைதான்.

கினுகோவுக்கு அறுபத்தொரு வயது. இரண்டு மலை தாண்டிப் பிறந்தவள். பதினைந்து வயதில் நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, ஈடா நகரத்தில் மின்சாரச் சுருள் சுற்றும் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். நூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றுவார்கள். மற்றவர்கள் கை வேலை செய்ய வாய் பேசிக்கொண்டிருக்கும். இவள் பேச மாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். எங்காவது ஒரு சுற்று தளர்ந்திருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நாலாம் வருஷமே மேற்பார்வையாளர் அவளைச் சுற்றுகிற இடத்திலிருந்து எடுத்துச் சரிபார்க்கிற இடத்தில் போட்டார். "பேசாதவ, ஆனா அவ கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் வெளிய போகாது" என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு வயதில் கொசாவாவின் ஊற்று வீட்டு ஷிகேவோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஊரின் இருபத்து மூன்று வீட்டில் பதினான்கு வீட்டுக்குக் குமகாய் என்பதே குடும்பப் பெயர். அதனால் பெயர் சொல்லி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஊற்று வீடு, மேட்டு வீடு, பாலத்தடி வீடு என்று வீட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊற்று வீட்டுக்குப் பின்னால் மலையடியிலிருந்து நீர் வருகிறது. கோடையிலும் பனிக்காலத்திலும் ஒரே குளிர்ச்சி. முதலில் கினுகோவின் வசாபிப் பாத்திகள் வழியாக ஓடி, பிறகு தொட்டியில் விழுந்து, குழாய் வழியாக எல்லா வீட்டு அடுப்படிக்கும் போகும். வசாபி என்ற காரக் கிழங்கு மண்ணில் வளர்கிற செடி இல்லை. ஓடுகிற நீருக்குள் கூழாங்கல்லைப் பிடித்துக்கொண்டு வளர்வது. ஒரு வாரம் நீர் நின்றால் கிழங்கு கறுத்துவிடும். ஷிகேவோ இறந்து எட்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. பாத்திகளை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள்.

ஊர்க் கூட்டம் நடந்தால் அவள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். தேநீர் ஊற்றுகிற சாக்கில் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் ஊர்த் தலைமை வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வருவது. இந்த வருஷம் ஊற்று வீட்டின் முறை. வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை.

பதினோரு நாளைக்கு முன்னால் கம்பெனியின் ஆள் நிஷிவாக்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மலையேறி வந்ததில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. தோக்கியோவிலிருந்து நாகோயாவுக்கு மலைகளுக்குள்ளேயே போகப்போகும் ரயில். தண்டவாளத்தைத் தொடாமல் காந்தத்தில் மிதந்து ஓடும். நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இதை அவர் எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பாரோ, சொல்லும்போது கண் வேறு எங்கோ இருந்தது. ஒரே உறையில் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தார்.

"நீலத் தாளை மட்டும் சுற்றுக்கு விடுங்க. மத்தது உங்ககிட்டயே இருக்கட்டும். கூட்டத்துல விளக்கிச் சொன்னப்புறம் எல்லாரும் முத்திரை போடலாம்."

"சரிங்க."

அவள் முழங்கால் வரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு நீரிலிருந்து ஏறி வந்திருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எப்போது கிளம்புவார் என்பதே மனதில் ஓடியது. அவர் போனதும் உறையைச் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். மறுநாள் விடிந்ததும், உறையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து, ஊராட்சியிலிருந்து வந்த தாள்களோடு சேர்த்துக் கவ்வியில் மாட்டி, அலமாரி டப்பாவிலிருந்த முத்திரையை எடுத்து எங்கெல்லாம் முதல் கட்டம் இருந்ததோ அங்கெல்லாம் குத்தி, பக்கத்து வீட்டு வாசலில் தொங்கவிட்டு வந்தாள். அவர் சொன்னது காதில் நன்றாகத்தான் விழுந்திருந்தது. வந்த தாளைக் குத்தி அனுப்பியே முப்பத்து மூன்று வருஷமாகப் பழகிய கை அதைக் கேட்கவில்லை.

அவள் மட்டும் இல்லை. சுற்றுப்பலகை ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கினால் அடுத்த வீட்டுக்கு மரியாதைக் குறைவு. வந்த கையோடு குத்தி அனுப்பிவிட வேண்டும். பாட்டில் குப்பைக்கு எதிரே ஒரு குத்து, சருகு கூட்ட ஒரு குத்து, ஊசிக்கு ஒரு குத்து, மலையைத் துளைக்க ஒரு குத்து. யாரும் படிக்கவில்லை என்பது முத்திரைகளைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று வீட்டு முத்திரை தலைகீழாக இருந்தது.

இருபத்திரண்டு முத்திரை. ஒரு கட்டம் மட்டும் காலி. பாலத்தடி வீடு, சகாயே.

கினுகோ நான்கு பக்கத்தையும் படித்தாள். ஆயிரக்கணக்கான எழுத்துகளில் தனக்குத் தெரியாதவற்றை அகராதியில் தேடித் தேடிப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. முதல் பக்கத்தின் அடியில், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளும் நிலத்துக்காரரும் ஒப்பினால் போதும் என்று இருந்தது. சுரங்கத்தின் வாய் திறக்கப்போவது மேட்டு வீட்டு யசோஜியின் தேவதாருச் சரிவில். ஊற்றின் தலைக்கு நேர் மேலே. நாலாம் பக்கத்தில் ஒரு பத்தி: வேலையால் நீர்வரத்து குறைந்ததாகத் தெரியவந்தால், கம்பெனி முப்பது ஆண்டுகள் வரை மாற்று நீர் வழங்கும்.

மாற்று நீர் என்றால் லாரித் தொட்டி. முப்பது ஆண்டுக்குப் பிறகு என்ன என்று எழுதவில்லை.

யசோஜியின் கட்டத்தில் முத்திரை அழுத்தமாக, நேராக, அழகாக விழுந்திருந்தது.

மணி பத்து. ஒன்றரைக்கு நிஷிவாக்கி வந்துவிடுவார். வந்ததும் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.

எரித்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. குளியல் அடுப்பில் போட்டால் ஒரு நிமிஷம். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஒருத்தி படித்திருக்கிறாள். படித்ததால்தானே கட்டம் காலியாக இருக்கிறது.

பிறகு இன்னொன்று தோன்றியது. அது தோன்றியபோது அவள் கை தானாக அலமாரிப் பக்கம் போனது. போட்ட முத்திரையைத் திரும்ப எடுக்க ஒரு முறை உண்டு. அதன் மேல் இரட்டைக் கோடு கிழித்து, அதே முத்திரையை மறுபடி குத்த வேண்டும். குத்தினால் அது செல்லாது. யசோஜியும் குமகாய், இவளும் குமகாய். இருவருடைய முத்திரையும் ஈடாவில் ஒரே எழுதுபொருள் கடையில் வாங்கியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செய்தவனுக்கே வித்தியாசம் தெரியாது. யசோஜியின் கட்டத்தில் இரண்டு கோடு, ஒரு குத்து. நிலத்துக்காரர் ஒப்பவில்லை. முடிந்தது.

டப்பாவைத் திறந்தாள். மை தொட்டாள். அளவுகோலை வைத்துப் பேனாவால் கோடு கிழிக்கக் குனிந்தாள். பேனா முனை காகிதத்தைத் தொட இன்னும் ஒரு அரிசி இடைவெளிதான். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ. முதுகு வலித்தது. சரிபார்க்கிற மேசையில் பத்து வருஷம் இருந்தவள். அடுத்தவள் சுற்றியதை இவள் பிரித்துத் திருத்தியதே இல்லை. திருப்பி அனுப்புவாள், அவ்வளவுதான்.

பேனாவை மூடினாள். முத்திரையில் இருந்த மையைத் துடைத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, காகிதத்தை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துப் பாலத்துக்கு இறங்கினாள்.

சகாயே வீட்டு முன்னால் காயவைப்பதற்காகச் சீமைப்பனிச்சைப் பழங்களைத் தோலுரித்துக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது, பெரிய குரல். ஊரில் ரயில் வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். மகன் நாகோயாவில் இருக்கிறான். பேருந்தும் ரயிலும் மாறி வர ஐந்து மணி நேரம். புதிய நிலையம் பள்ளத்தாக்கில் வந்தால் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில், "சில பேர் ஊற்றைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பாங்க. அவங்களுக்கு வர்றதுக்கும் போறதுக்கும் யார் இருக்கா?" என்று சொன்னாள். கினுகோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையை நிரப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

"சகாயே சான்" என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டாள்.

சகாயே நிமிர்ந்தாள். கத்தி கையில் அப்படியே நின்றது. "வாய் திறந்துட்டியே! மழை வரப்போகுது."

"நீங்க முத்திரை போடல."

"போடல."

"படிச்சீங்களா?"

"எழுத்து இருந்துச்சு, படிச்சேன். நான் ரயில் வேணும்னு சொல்றவ. என்ன தர்றான்னு பாக்க மாட்டேனா?"

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எதுக்கு? தலைமை நீ. பலகையில அதை மாட்டி விட்டதும் நீ." தோல் நீளமாகச் சுருண்டு கீழே விழுந்தது. "வேணும்னே மாட்டலைங்கிறது தெரியும். வேணும்னே ஒண்ணு செய்யற ஆளா நீ?"

"இப்ப என்ன செய்யறது?"

"என்கிட்ட கேக்காதே. நான் உன் பக்கம் இல்ல. ஒன்றரைக்கு மண்டபத்துல பாப்போம்."

கினுகோ இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். சகாயே அடுத்த பழத்தை எடுத்தாள்.

மண்டபத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் நெருக்கியடித்துக் கிடந்தன. நிஷிவாக்கி சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார். மலைகளைப் பற்றிக் கவலைப்படாத ஒரு நேர்கோடு, கிழக்கிலிருந்து மேற்கே. கொசாவாவுக்குப் பக்கத்தில் அதிலிருந்து ஒரு சின்னக் கிளை. முன்வரிசையில், முழங்கால் மடக்க முடியாததால் நாற்காலியில், மேட்டு வீட்டு யசோஜி. எழுபத்தொன்பது வயது. நாற்பது வருஷம் மரம் வெட்டியவர். அவர் உட்கார்ந்தால் பின்னால் மூன்று பேருக்குச் சுவர் தெரியாது.

"ஊற்று வீட்டம்மா, தேத்தண்ணி எங்க?" என்றார் அவர். "தலைமை ஆயிட்டா தேத்தண்ணி கிடையாதா?"

சிரிப்பு எழுந்தது. கினுகோ வெந்நீர்ப் பக்கம் போகவில்லை. வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றாள். முகம் சூடாகியது. சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் அந்த இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள். குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"கேக்கல!" பின்னாலிருந்து ஒரு பெண்.

"தப்பு நடந்துபோச்சு. என்னால. இந்தத் தாள் இன்னைக்குத்தான் வெளிய வரணும். நான் சுற்றுப்பலகையில மாட்டி விட்டுட்டேன். இருபத்திரண்டு வீட்டு முத்திரை விழுந்திருக்கு. குப்பைத் தாள்னு நெனச்சுக் குத்தியிருப்பீங்க. நானும் அப்படித்தான் குத்தினேன். இது சுரங்கத்துக்கு ஒப்புதல் தாள். யாரும் படிக்கல. அதனால இது…"

"யாரும் படிக்கலைன்னு யார் சொன்னது?"

யசோஜி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் விரல் கினுகோவின் கையிலிருந்த தாளைக் காட்டியது.

"என் முத்திரை இருக்குல்ல அதுல?"

"இருக்கு."

"படிக்காம முத்திரை போடுற ஆளா நான்? காட்டுக் குத்தகை, மர ஏலம், எல்லாத்துலயும் போட்ட கை இது. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

அவர் படிக்கவில்லை. ஊருக்கே தெரியும். ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகு, நான் படிக்கவில்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கம்பெனிக்காரர் முன்னால், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், முத்திரையின் அருமை தெரியாதவன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கினுகோ வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். கண்கள் பாய்க்கு இறங்கின.

"நாங்களும் மேலோட்டமாப் படிச்சோம்" என்றது ஒரு குரல்.

"படிக்காமலா?" என்றது இன்னொன்று.

உண்மையைச் சொல்லி அவள் எல்லாரையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டாள். மூலையிலிருந்து வெளியே வர அவர்களுக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான். அந்தக் கதவு நேரே சுரங்கத்துக்குத் திறந்தது.

நிஷிவாக்கி தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனால் வேலை வேலைதானே. "அப்படீன்னா… முறை கொஞ்சம் மாறிப்போச்சு, அதுக்கு மன்னிக்கணும். எல்லாரும் படிச்சுட்டுத்தான் போட்டதுன்னா, மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கு. நிலத்துக்காரரும் இருக்கார். நான் வாங்கிக்கலாம்னு நெனக்கிறேன்."

இரண்டு கையையும் நீட்டினார்.

காகிதத்துக்கும் அந்தக் கைகளுக்கும் இடையே ஒரு எட்டுதான். வெளியே தொட்டியில் நீர் விழுகிற சத்தம் கேட்டது. அது எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதுதான். இன்று அங்கிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

"யசோஜி சான்" என்றாள் கினுகோ. இந்தத் தடவை குரல் பின்சுவர் வரை போனது. அவளுக்கே திடுக்கென்றது. "நீங்க படிச்சிருப்பீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஆனா உங்களுக்கு வந்தது மூணு பக்கம்தான்."

"என்ன?"

"இது மொத்தம் நாலு பக்கம். நாலாவதை நான் கிளிப்பிலிருந்து கழட்டிட்டேன். ஊசித் தாளுக்குப் பின்னால, எழுத்து உள்பக்கமா இருக்கற மாதிரி மாட்டிட்டேன். வெறும் தாள் மாதிரி இருந்திருக்கும். அதை யாரும் பாத்திருக்க முடியாது. நீங்க எவ்வளவு கவனமாப் படிச்சிருந்தாலும் பாத்திருக்க முடியாது. இன்னைக்குக் காலையிலதான் எடுத்துச் சேர்த்தேன்."

பொய். பிறந்ததிலிருந்து அவ்வளவு பேருக்கு முன்னால் பேசியதில்லை. பேசிய முதல் நாளே பொய்யும் வந்துவிட்டது. மேலங்கிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நிஷிவாக்கி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "நான் கிளிப் போட்டுத்தானே கொடுத்தேன்? நாலும் சேர்த்து."

"ஆமா. நான்தான் கழட்டினேன்."

"எதுக்குங்க?"

அதை யோசித்து வைக்கவில்லை. "தெரியல" என்றாள்.

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் யாரைத் தேடுகிறது என்று கினுகோவுக்குத் தெரிந்துவிட்டது. தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

"பாலத்தடி வீட்டம்மா, நீங்கதான் கடைசி வீடு இல்லையா? எப்பவும் எங்க வேலைக்கு ஆதரவாப் பேசறவங்க நீங்க. உங்களுக்கு வந்தப்ப தாள் எப்படி இருந்துச்சு? நாலும் சேர்ந்து இருந்துச்சா?"

எல்லாத் தலையும் திரும்பியது. சகாயே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விரல் நகத்தில் பழச்சாறு கறையாக இருந்தது. அவள் நேற்று இரவு நாலு பக்கத்தையும் வரிசையாக, கிளிப்போடு, விளக்கடியில் வைத்துப் படித்தவள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கினுகோ ஊரிலேயே பெரிய பொய்க்காரி ஆகிவிடுவாள். தாள் போய்விடும். மகனின் ரயில் ஒரு படி கிட்ட வந்துவிடும்.

கினுகோ அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். கூரை விட்டத்தைப் பார்த்தாள்.

"எங்க சேர்ந்து இருந்துச்சு?" என்றாள் சகாயே. "மூணு பக்கம்தான் வந்துச்சு. மூணாம் பக்கத்துல அடியில 'மறுபக்கம் தொடரும்'னு இருக்கேன்னு தேடினேன். ஊசித் தாளுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, தலைகீழா. அதனாலதான் நான் போடல. பாதி ஒரு பக்கம், மீதி ஒரு பக்கம் இருக்கற காகிதத்துல முத்திரை போட நான் என்ன பைத்தியமா? பலகையைக் கட்டத் தெரியாதவங்களைத் தலைமையாக்கினா இப்படித்தான்."

யசோஜி நாற்காலியில் அசைந்தார். "நாலாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"படிக்கட்டுமா?" என்றாள் கினுகோ.

"படி."

படித்தாள். இடையில் இரண்டு இடத்தில் எழுத்துத் தெரியாமல் நின்றாள். பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் வரை மாற்று நீர் என்ற இடம் வந்தபோது யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அங்கே அவளுக்கும் தடுமாற்றம் வரவில்லை.

"முப்பது வருஷமா?" என்றாள் பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி. "இவளுக்கு முப்பத்தொண்ணு ஆகும்."

யசோஜி எழுந்தார். எழ அவருக்கு நேரம் பிடித்தது. எழுந்து கினுகோவைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்கு முதல் தடவையாகக் கத்தினார். "என்ன பொம்பளை நீ! ஒரு காகிதத்தை ஒழுங்கா மாட்டத் தெரியல. முழுசாத் தராத காகிதத்துல போட்ட முத்திரை எப்படிச் செல்லும்? ஊரையே கேவலப்படுத்திட்டே. தம்பி, நிஷிவாக்கி, இதை எடுத்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்காது. நாங்க கோடு அடிச்சுட்டுத் தர்றோம்."

"மன்னிச்சுக்கங்க" என்று கினுகோ பாயில் உட்கார்ந்து நெற்றி தரையில் படக் குனிந்தாள். அப்படியே இருந்தாள். தலைக்கு மேலே பேச்சு ஓடியது. "ஷிகேவோ இருந்திருந்தா இப்படி ஆகுமா?" "அடுத்த தலைமையாவது பாத்து மாட்டணும்." திட்டுகிற குரல்கள் லேசாக இருந்தன. இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது அவளைத் திட்டி மூச்சு விட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் முதுகில் விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. வந்தது நிம்மதியா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

முத்திரையைக் கினுகோவைத் தவிர யாரும் கையில் கொண்டு வந்திருக்கவில்லை. அது செருப்பு அலமாரி டப்பாவில்தானே கிடக்கும். வீடுகளுக்கு ஓடினார்கள். கினுகோ முதலில் தன் கட்டத்தில் இரட்டைக் கோடு போட்டுக் குத்தினாள். வரிசை நின்றது. நிஷிவாக்கி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஆனால் அவசரப்படுத்தாமல், ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூன்றேகாலுக்கு யசோஜியின் பேத்தி அவர் முத்திரையைக் கொண்டு வந்தாள். அவர் அளவுகோல் வேண்டாமென்று தள்ளிவிட்டுக் கையாலேயே கோடு இழுத்தார். கோடு கோணலாகத்தான் போயிற்று. முத்திரை நேராக விழுந்தது.

பதினெட்டு வீடு கோடு அடித்தது. நாலு வீடு அடிக்கவில்லை. அவர்களுக்குப் படித்த பிறகும் சம்மதம்தான். அது அவர்கள் விருப்பம்.

கிளம்புவதற்கு முன் நிஷிவாக்கி ஒரு வெள்ளைத் தாளைக் கினுகோ முன் வைத்தார். "தப்பு எப்படி நடந்துச்சுன்னு நீங்க எழுதித் தரணும். நான் அலுவலகத்துல காட்டணும். இல்லாட்டி நான் சரியாச் சொல்லிக் கொடுக்கலைன்னு ஆகும்."

"எழுதறேன். நீங்க சரியாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. அதையும் எழுதறேன்."

அவள் எழுதினாள். அவர் அவள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். கிளிப்பைக் கழற்றினேன் என்ற வரி வந்தபோது மெதுவாக, "உங்களுக்குத் தொழிற்சாலையில சரிபார்க்கற வேலைன்னு யாரோ சொன்னாங்க" என்றார்.

"ரொம்ப நாளாச்சு."

"அப்படியா" என்றார். அவள் தேதி போட்டு முத்திரை குத்தியதும் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வளையக் குனிந்துவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்றும் கம்பெனியில் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். கொசாவாவின் தலைமை, குமகாய் கினுகோ, கவனக்குறைவால் பக்கங்களைக் குழப்பியவர் என்று.

எல்லாரும் போன பிறகு மண்டபத்துச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவ நின்றாள். பக்கத்தில் யாரோ துடைக்கும் துணியை எடுத்தார்கள். சகாயே.

கினுகோ கழுவிய கோப்பையை அவளிடம் நீட்டினாள்.

"மூணாம் பக்கத்துல 'மறுபக்கம் தொடரும்'னு இல்லவே இல்ல" என்றாள் கினுகோ.

"எனக்குத் தெரியும். நீ சொன்னதுல ஓட்டை இருந்துச்சு, அடைச்சேன். பொய் சொல்லணும்னா முழுசாச் சொல்லு. எதுக்குக் கழட்டினேன்னு கேட்டா 'தெரியல'ங்கறா!"

கினுகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதே. நான் இன்னும் ரயில் பக்கம்தான்."

"தெரியும்."

"அந்த முப்பது வருஷத்தை எடுத்துட்டு, தண்ணி போனா வேலையை நிறுத்துவோம்னு எழுதிக் கொண்டாந்தான்னா, முதல் முத்திரை என்னுதுதான். என் பிள்ளை வந்து சாப்பிடணும். ஆனா அவன் வர்றப்ப லாரித் தண்ணியிலயா சோறாக்கிப் போடறது?"

"எழுதிக் கொண்டு வந்தா வாசிச்சுக் காட்டறேன். வீடு வீடா."

"நீயா? வீடு வீடா?" சகாயே துணியை உதறித் தோளில் போட்டாள். "அதையும் பாக்கலாம். அந்தக் கோப்பையை இப்படிக் கொடு, விளிம்புல தேத்தண்ணிக் கறை போகல."

கினுகோ கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். போகவில்லைதான். மறுபடி குழாயைத் திறந்து, நீர் விழ விழத் தேய்த்தாள்.